நான் போகாத வழியில் போனவர்களை வாசிப்பது

எனக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல வருஷங்களாக ஒரே வேலையில் இருக்கிறேன். கடவுள் நம்பிக்கை உண்டு. இதையெல்லாம் யாரும் என்மேல் சுமத்தவில்லை. நானே விரும்பி ஏற்றுக்கொண்டது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் என் அலமாரியில் இருக்கும் தன்வரலாறுகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இதற்கு நேர்மாறாக வாழ்ந்தவர்கள் எழுதியவை. கல்யாணமே வேண்டாம் என்றவர்கள், வீட்டை விட்டுப் போனவர்கள், மடத்தில் சேர்ந்து அப்புறம் அதையும் விட்டு வெளியே வந்தவர்கள், பிள்ளை பெறுவதில்லை என்று தீர்மானித்தவர்கள்.

"அவங்க செஞ்சது எதுவுமே உனக்கு ஒத்துவராதே, அப்புறம் எப்படி ரசிச்சுப் படிக்கிறே?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் இந்த ரசனை ஒரே நாளில் வந்துவிடவில்லை. படித்துப் படித்து, எங்கே எரிச்சல் வருகிறது, எங்கே மனசு நிற்கிறது என்று கவனித்து, மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் போலவே வாழ்ந்தவர் எழுதிய புத்தகத்தை வாசிக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே பக்கங்களைப் புரட்டிவிடுகிறேன். 'ஆமாம், இப்படித்தான்' என்று தோன்றுகிறது. இதமாக இருக்கும், ஆனால் அதிகம் தங்காது. அவரும் தன் முடிவுகளுக்குக் காரணம் சொல்லச் சிரமப்படுவதில்லை, யாரும் கேட்காததால். ஊரோடு ஒத்துப் போகிறவரிடம் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. வேறு வழியில் போனவர் அப்படித் தப்பிக்க முடியாது. வீட்டில், வெளியில், கடைசியில் வாசகரிடம் என்று எல்லாரிடமும் காரணம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதனால் அந்த முடிவெடுத்த நேரத்தை அவர் விரிவாக எழுதுகிறார்: என்ன பயம் இருந்தது, யார் தடுத்தார்கள், அன்றைக்கு ராத்திரி என்ன யோசித்தார். என் வாழ்க்கையில் அப்படியொரு நேரத்தை நான் பார்த்ததாகவே நினைவில்லை. குழந்தை வேண்டுமா என்று நான் உட்கார்ந்து யோசித்ததில்லை. வேண்டும் என்பது எனக்குள் ஏற்கெனவே இருந்தது.

இதை எனக்கு உணர்த்தியவர் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தி பொவ்வார். அவருடைய தன்வரலாற்றின் முதல் பாகம் 1958-லும் இரண்டாம் பாகம் 1960-லும் வந்தன. இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் வருகிறது. 1931-ல் அவருக்கு மார்சேய் நகரில் ஆசிரியர் வேலை கிடைக்கிறது. அவருடைய துணைவரான எழுத்தாளர் சார்த்ருக்கு நாட்டின் மறுகோடியில் வேலை. கல்யாணம் செய்துகொண்டால் இருவரையும் ஒரே ஊரில் போட்டுவிடுவார்கள். சார்த்ரே அதைச் சொல்கிறார், பொவ்வார் மறுக்கிறார். எதற்காக மறுத்தோம் என்பதை அவர் படிப்படியாக யோசித்து எழுதுகிறார். கல்யாணத்துக்கு அர்த்தம் வேண்டுமென்றால் குழந்தை ஆசை இருக்க வேண்டும், அந்த ஆசை தனக்கு இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்க்கிறார். இல்லை என்று பதில் வருகிறது. எழுத்துதான் தன் வேலை, அதற்கு முழு நேரமும் சுதந்திரமும் வேண்டும் என்று தெரிகிறது.

அவர் சொன்ன பதில் என் பதில் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்ட விதத்தை வாசித்தபோது, நான் கேட்டுக்கொள்ளாமலே பதில் சொல்லிவிட்டிருந்தேன் என்பது தெரிந்தது. இதில் வருத்தம் எதுவும் இல்லை. என் பதில் அதேதான். அதற்கடியில் ஒரு கேள்வி இருந்தது என்று தெரிந்தபின் அந்தப் பதில் எனக்கு இன்னும் சொந்தமானது.

அதே பாகத்தில் இன்னொரு பகுதி. மார்சேயில் தனியாக இருந்த அந்த வருஷம், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நகரைச் சுற்றியிருக்கும் மலைகளில் நாள் முழுக்கத் தனியாக நடக்கிறார். பழைய ஆடை, சாதாரணச் செருப்பு, கையில் ஒரு கூடை. மலையேறும் குழுக்களும் அவர்களுடைய உபகரணங்களும் அவருக்கு வேண்டாம். வாசிக்க வாசிக்க எனக்கே கால் பரபரத்தது. அப்புறம் அவருடைய தங்கை வந்து சேர்கிறார். ஒருநாள் நடையில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. பொவ்வார் அவரை வழியில் ஓர் இடத்தில் பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, திட்டமிட்ட நடையை முடிக்கப் போய்விடுகிறார்!

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை. இந்தச் சம்பவத்தை அவர் எழுதாமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. தன் பிடிவாதம் எவ்வளவு தூரம் போனது என்று காட்டுவதற்காகவே அவர் அதை எழுதியிருக்கிறார். மலையில் நடந்த அந்தப் பெண்ணின் மகிழ்ச்சியும், காய்ச்சலோடு பேருந்துக்குக் காத்திருந்த தங்கையும் ஒரே புத்தகத்தில் அருகருகே இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த வாழ்க்கை என் கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறது.

'உங்கள் கருத்துகளை ஓரமாக வைத்துவிட்டுத் திறந்த மனதோடு வாசியுங்கள்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்தை ஓரமாக வைத்துவிட்டால் வாசிப்பதற்கு நான் எங்கே இருக்கிறேன்? மாற்றுக் கருத்தோடு, அதை விடாமல் வைத்துக்கொண்டே வாசிக்கலாம். அப்படி வாசித்தால்தான் புத்தகம் நம்மோடு பேசும். 'சத்திய சோதனை'யை நான் அப்படித்தான் வாசித்தேன், இன்னமும் வாசிக்கிறேன்.

காந்தி அதை 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் தொடராக எழுதினார். அதில் அவருடைய இரண்டாவது மகன் மணிலாலுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்த அத்தியாயம் இருக்கிறது. பையனுக்கு அப்போது பத்து வயது. மருத்துவர் முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொல்கிறார். காந்தி மறுத்துவிடுகிறார். தண்ணீர் வைத்தியம் செய்கிறார், ஈரத்துணி சுற்றுகிறார், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு கொடுக்கிறார். காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை பெற்ற யாரும் இந்தப் பக்கங்களை அமைதியாக வாசிக்க முடியாது. நானாக இருந்தால் மருத்துவர் சொன்னதைக் கொடுத்திருப்பேன், ஒரு நிமிஷம்கூடத் தயங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த அத்தியாயத்தில் காந்தி என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் அவரிடம் கேட்க நினைத்த ஒவ்வொரு கேள்வியையும் அவரே கேட்டுவிடுகிறார். ஊர் என்ன சொல்லும், அண்ணன் என்ன நினைப்பார், வேறு மருத்துவரைக் கூப்பிடலாமே, தங்களுடைய பிடிவாதங்களைப் பிள்ளைகள்மேல் திணிக்கப் பெற்றவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? கடைசிக் கேள்வியை நான் அவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க மாட்டேன். பையனுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, தாங்க முடியாமல் வெளியே நடக்கப் போகிறார், வாயில் ராம நாமம். திரும்பி வரும்போது வியர்த்துக் காய்ச்சல் விடத் தொடங்கியிருக்கிறது. பையன் பிழைத்துக்கொள்கிறான். அப்போதும் 'என் வைத்தியம் வென்றது' என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கடவுள் அருளா, தண்ணீர் வைத்தியமா, உணவா, பராமரிப்பா என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்கிறார். தன் நம்பிக்கை கடவுள் பக்கம் என்று சொல்லி, அவரவர் நம்பிக்கைப்படி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இதற்குப் பிறகும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த அத்தியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும். என் தரப்பை என்னைவிடச் சரியாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகும் தன் வழியிலேயே போகிற ஒரு மனிதரோடு அந்த ராத்திரியைக் கழித்த மாதிரி இருக்கும்.

அதிலிருந்துதான் எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. இப்போது எந்தத் தன்வரலாற்றை எடுத்தாலும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்: எழுதியவர், தன்னை எதிர்த்தவரின் வாதத்தை முழுசாகச் சொல்கிறாரா? அப்படிச் சொன்னால், அவர் தேர்ந்தெடுத்த வழி எனக்கு எவ்வளவு தூரமாக இருந்தாலும் என்னால் அந்தப் புத்தகத்தை ரசிக்க முடிகிறது. எதிராளியை முட்டாளாகவோ கொடியவராகவோ மட்டும் நிறுத்தினால், அவர் என் கருத்தையே சொன்னாலும் எனக்குச் சலித்துவிடுகிறது.

காந்தியிடமே இந்தச் சோதனை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதுதான் சுவாரஸ்யம். 1901-ல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது அங்கிருந்தவர்கள் நகைகள் பரிசளிக்கிறார்கள். கஸ்தூர்பாவுக்கென்று ஒரு தங்க அட்டிகையும் வருகிறது. காந்தி எல்லாவற்றையும் பொதுக் காரியத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார். முதலில் பையன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அப்புறம் மனைவியிடம் போகிறார். (அந்தத் தந்திரத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.) கஸ்தூர்பா விடவில்லை. நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு என்ன செய்வது, பையன்களை இப்போதே சாமியாராக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார். நீங்கள் செய்த சேவை நான் செய்தது மாதிரிதானே, இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, அது சேவை இல்லையா என்றும் கேட்கிறார். அழுகையோடு வந்த அந்த வார்த்தைகள் சுருக்கென்று தைத்ததாகக் காந்தியே ஒத்துக்கொள்கிறார். கடைசியில் நகைகள் போய்விட்டன. ஆனால் புத்தகத்தைப் பொறுத்தவரை அந்த வாக்குவாதத்தில் ஜெயித்தது கஸ்தூர்பாதான் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் 1906 வருகிறது, பிரம்மச்சரிய விரதம். அந்த நாள்வரை மனைவியிடம் இதைப் பற்றிப் பேசவில்லை, விரதம் எடுக்கும்போதுதான் கேட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். நகைக்கு அவ்வளவு வாதாடிய பெண் இங்கே ஒன்றுமே சொல்லவில்லையா? சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூர்பா தன் கதையைத் தனியாக எழுதவில்லை. ஆகவே அந்த இடத்தை நாமே யோசித்துத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நகைகள் பற்றிய அத்தியாயத்தை வாசித்திருந்ததால்தான் இந்த மௌனம் என் காதில் விழுந்தது.

கருத்து ஒத்துப்போகிற புத்தகத்திலும் இப்படி இடறும். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் எழுதிய தன்வரலாறு கடவுளைத் தேடிப் போன கதை. என் மதம் வேறு என்றாலும், அந்தத் தேடல் எனக்கு அந்நியமில்லை, பல பக்கங்கள் பிரார்த்தனை மாதிரியே மனசில் இறங்குகின்றன. அவரோடு பல வருஷம் வாழ்ந்து அவருக்கு ஒரு மகனையும் பெற்ற பெண்ணை, வேறு இடத்தில் கல்யாணம் பேசியதற்காக ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தன் இதயம் கிழிந்து ரத்தம் வடிந்ததாக அவர் எழுதுகிறார். மகனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. நம்பிக்கையில் எனக்கு நெருக்கமான அவரைவிட, வாழ்க்கை முறையில் எனக்கு எங்கோ தூரத்தில் இருக்கும் பொவ்வாரின் புத்தகத்தில்தான் அந்த வகையில் நான் நிம்மதியாக இருந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ரூசோ வேறு கதை. அவருடைய தன்வரலாறு அவர் இறந்த பிறகு, 1782-லும் 1789-லும் இரண்டு பகுதிகளாக வந்தது. தெரேஸ் என்ற பெண்ணோடு வாழ்ந்து, பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் சேர்த்துவிட்டவர் அவர். குழந்தை வளர்ப்பைப் பற்றி உலகமே பேசிய புத்தகத்தை 1762-ல் எழுதியவரும் அவர்தான். தன்வரலாற்றில் அதற்குக் காரணங்கள் அடுக்கிக்கொண்டே போகிறார். தெரேஸ் புலம்பிக்கொண்டே இணங்கினார் என்பதைத் தவிர அந்தத் தாய் பக்கத்திலிருந்து நமக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. இந்தப் புத்தகத்தை நான் முழுசாக வாசித்தேன். சில பக்கங்கள் அபாரம். இளம் வயதில் தான் திருடிய ரிப்பனுக்கு ஒரு வேலைக்காரப் பெண்மேல் பழி போட்டதைச் சொல்லும் இடத்தில் அவர் தன்னை விட்டுவைக்கவில்லை, அந்தப் பெண் நம் கண்முன்னே நிற்கிறாள். குழந்தைகள் விஷயத்தில் அவர் அப்படி நிற்கவில்லை. ஒரே எழுத்தாளர், ஒரே புத்தகம், ஓர் இடத்தில் உண்மையைச் சொல்கிறார், இன்னோர் இடத்தில் வாதாடுகிறார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே எனக்கு வாசிப்பில் ஒரு பெரிய சந்தோஷம்.

சரி, நடைமுறையில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

பென்சில் இல்லாமல் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தொடுவதில்லை. கோபம் வருகிற இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தீர்ப்பு எழுதுவதில்லை, கேள்விதான் எழுதுவேன். 'அநியாயம்' என்று எழுதினால் அதோடு யோசனை முடிந்துவிடுகிறது. 'தங்கை என்ன நினைத்திருப்பாள்?' என்று எழுதினால் அடுத்த ஐம்பது பக்கங்களுக்கு அந்தத் தங்கையைத் தேடிக்கொண்டே போகிறேன். புத்தகம் முடிந்ததும் கோடுகளை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் என் கோபங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். எனக்கு, ஒருவர் எடுத்த முடிவின் பாரத்தை வேறொருவர் சுமப்பதுதான் எப்போதும் உறுத்தும். அது எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்வதைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது, தெரிந்துகொண்டது நல்லதுதான்.

முன்னுரையைக் கடைசியில் வாசிப்பேன். முன்னுரை எழுதுகிறவர் 'புரட்சி' என்றோ 'சர்ச்சை' என்றோ ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டால், அந்தக் கண்ணாடியைக் கழற்றுவது பெரும்பாடு.

எப்போது எழுதினார் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கும்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. 1942-ல் அவர் மறையும்வரை தொடர் வந்தது, முடிவுபெறவில்லை. ஒரு வேலைக்காக ஆயுள் முழுவதையும் கொடுப்பது என் குணத்துக்கு ஒத்துவராது. எனக்கு வாழ்க்கை பல பக்கமும் பிரிந்திருக்க வேண்டும். ஆனாலும் 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் இடம் எனக்கு அலுப்பதே இல்லை. படித்த நூல்களையெல்லாம் இளைஞரான உ.வே.சா. பட்டியல் போட்டுச் சொல்கிறார். முதலியார் அசையவே இல்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அறுபது வருஷம் கழித்தும் அந்த அடி, அந்த ஏமாற்றம், முதலியாரின் அலட்சியமான முகம் எல்லாமே பத்திரமாக இருக்கின்றன. தன்னைச் சிறுமைப்படுத்திய ஒரு கேள்விக்கு அவ்வளவு நன்றியோடு இடம் கொடுத்திருக்கிறார்.

கண்ணதாசன் 'வனவாச'த்தில் வேறொரு வழி கண்டுபிடித்தார். தன்னையே 'அவன்' என்று வைத்து எழுதினார். 1961-ல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்த வரைக்குமான அரசியலும், சொந்தப் பலவீனங்களும் அதில் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. அவர் வாழ்ந்த விதத்துக்கும் நான் வாழும் விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'அவன்' என்று சொல்லித் தன்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றதால், வாசிக்கிற எனக்கும் நிற்க இடம் கிடைத்தது.

யார் பேனாவைப் பிடித்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. கேரளத்தில் பாலியல் தொழிலாளியாக இருந்த நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005-ல் மலையாளத்தில் வந்தது. இன்னொருவர் உதவியோடு உருவான முதல் வடிவம் தன் குரலாக இல்லை என்று பட்டதால், அவரே திருத்தி மறுவடிவம் கொண்டுவந்தார். 'பாவம் இந்தப் பெண்' என்று உச்சுக்கொட்ட அவர் நமக்கு இடம் கொடுப்பதில்லை. கணவர் இறந்தபின் பிள்ளைகளுக்குப் பணம் வேண்டியிருந்தது, இந்த வழி வந்தது, இதில் இப்படி இப்படி மனிதர்களைப் பார்த்தேன் என்று நேராகச் சொல்லிக்கொண்டு போகிறார். இரக்கப்படத் தயாராகப் போன வாசகருக்கு முதலில் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். அந்தத் தடுமாற்றத்தோடு தொடர்ந்து வாசித்தால் அவருடைய பேச்சு கேட்கத் தொடங்கும்.

பாமாவின் 'கருக்கு' (1992) என்னை வேறு மாதிரி அசைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று துறவு மடத்தில் சேர்கிறவர், அங்கே சாதியும் வசதியும் எப்படி ஆள்கின்றன என்று கண்டு வெளியே வந்துவிடுகிறார். வெளியே அவருக்காக எதுவும் தயாராக இல்லை. வேலை இல்லை, கையில் காசு இல்லை, பழகிப்போன பாதுகாப்பு இல்லை. அடுத்த படி தெரியாமல் நான் எதையும் விட்டதில்லை. அதனால் அந்தக் கடைசி அத்தியாயங்களை நெஞ்சு படபடக்க வாசித்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் நமக்கு ஆறுதல் சொல்வதில்லை. புத்தகமும் வருஷ வரிசையில் போவதில்லை. நடந்த அதே விஷயங்கள் வேறு வேறு கோணங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் வாசிப்பில் அது என்னைக் குழப்பியது. இரண்டாவது வாசிப்பில்தான், ஒரு காயத்தை மனசு இப்படித்தானே தொட்டுத் தொட்டுப் பார்க்கும் என்று புரிந்தது.

இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பின்விளைவு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். துணிச்சலாக எல்லாவற்றையும் உதறிப் போனவரின் கதையை முடித்த சில நாட்களுக்கு நம் வாழ்க்கை சின்னதாகத் தெரியும். அப்போது நான் அந்தப் புத்தகத்தின் சாதாரணப் பக்கங்களைத் திரும்பப் புரட்டுவேன். பணம் எங்கிருந்து வந்தது? உடம்பு சரியில்லாதபோது யார் பார்த்துக்கொண்டார்கள்? துணி துவைத்தது யார்? குளக்கரைக் குடிசையில் தனியாக வாழ்ந்து எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தான் அங்கிருந்த இரண்டு வருஷத்தை எழுத்தில் ஒரே வருஷமாகச் சுருக்கியதாக அவரே புத்தகத்தில் சொல்கிறார். அந்த நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. அவரைக் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை, எந்த வாழ்க்கையும் அச்சுக்கு வரும்போது இறுகித்தான் வரும். பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடக்கும் ஒரு வாழ்க்கையையும், பாதி நாள் ஒன்றுமே நடக்காத என் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என் பக்கம் தோற்கத்தான் செய்யும். ஒப்பிடாமல் இருக்க இந்தக் கேள்விகள் எனக்கு உதவுகின்றன.

எடுத்துக்கொள்ளவும் சில விஷயங்கள் கிடைக்கும். பொவ்வாரின் முடிவுகளில் ஒன்றைக்கூட நான் பின்பற்றவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு பாதி நாளை யாருக்கும் கொடுக்காமல் எனக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த மலை நடைகளை வாசித்த பிறகு வந்தது. வீட்டில் முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது அவர்களே நினைவுபடுத்துகிறார்கள். ஒருவருடைய முழு வழியையும் ஏற்றுக்கொள்ளாமல் அதிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

முடிந்தால் உங்களுக்கு நேர்மாறான வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்த ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள். என் தோழி ஒருத்தி கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்துத் தனியாக வாழ்கிறாள். பொவ்வாரை இருவரும் ஒரே சமயத்தில் வாசித்தோம். எனக்குக் கோபம் வந்த தங்கை சம்பவத்தில் அவளுக்கும் கோபம்தான், ஆனால் காரணம் வேறு. "தனியா இருக்கிறவங்கன்னாலே சுயநலம்னு எல்லாரும் சொல்றாங்க, இவங்களே அதுக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுத்துட்டாங்களே" என்றாள். எனக்கு அப்படி ஒரு கோணம் இருப்பதே தோன்றியிருக்கவில்லை. நான் ரசித்து வாசித்த மலை நடைகளை அவள் வேகமாகத் தாண்டிவிட்டிருந்தாள். "தனியா நடக்கிறதுல என்ன அதிசயம்? நான் தினமும் தனியாதான் நடக்கிறேன்." அன்றைக்கு நாங்கள் புத்தகத்தில் ஆரம்பித்து, இத்தனை வருஷ நட்பில் பேசாத பல விஷயங்களைப் பேசினோம். அவள் தன் முடிவைப் பற்றி என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கேட்டிருந்தால் பேசியிருக்க மாட்டாள், இடையில் ஒரு மூன்றாம் ஆள் இருந்ததால் பேச முடிந்தது.

ஆனால் இந்தப் புத்தகங்களை யாரையும் திருத்துவதற்காகக் கொடுக்காதீர்கள். 'இதைப் படி, அப்போ புரியும்' என்று கொடுக்கப்படும் புத்தகத்தை யாரும் ரசித்து வாசிப்பதில்லை.

எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வகையான புத்தகங்களை நான் பாதியில் வைத்துவிடுவேன். ஒன்று, எழுதியவரைத் தவிர அதில் வரும் எல்லாரும் அற்பர்களாக இருக்கும் புத்தகம். இன்னொன்று, தன் பிள்ளைகளின் அந்தரங்கத்தை, அவர்கள் சம்மதம் சொல்ல முடியாத வயதில் நடந்ததை, வாசகரின் ஆர்வத்துக்காக எடுத்துப் போடும் புத்தகம். தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட ஒருவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. பிள்ளையின் வாழ்க்கையைத் திறக்க அதே அளவு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. இதில் என்னோடு உடன்படாதவர்கள் இருக்கலாம்.

புதிதாக ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரே மனிதரைப் பற்றி இரண்டு பேர் எழுதிய புத்தகங்களைச் சேர்த்து எடுங்கள். 'சத்திய சோதனை'யை முடித்ததும் நேருவின் தன்வரலாற்றைத் தொடங்கலாம். 1934 ஜூனிலிருந்து 1935 பிப்ரவரி வரை சிறையில் இருந்தபடி எழுதி, 1936-ல் வெளியானது. காந்தியின் பிரம்மச்சரியக் கருத்துகள் அடியோடு தவறு என்று அதில் நேரு ஒளிக்காமல் சொல்கிறார். 1932 செப்டம்பரில் காந்தி உண்ணாவிரதம் அறிவித்த செய்தி சிறைக்குள் அவருக்கு வந்து சேரும் பகுதியைத் தவறவிடாதீர்கள். இனி அவரைப் பார்க்கவே முடியாமல் போய்விடுமோ என்று முதலில் தவிப்பு. அடுத்த சில வரிகளிலேயே, ஒரு கிளைப் பிரச்சினைக்காக உயிரைப் பணயம் வைக்கிறாரே என்று எரிச்சல், அவருடைய மத ரீதியான அணுகுமுறைமேல் கோபம். எரிச்சலும் தவிப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. மணிலாலின் காய்ச்சலைப் பற்றிய அத்தியாயத்தில் உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதிக்குப் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.